தண்ணீர் ஊற்றியவரும் வார்த்தை சொன்னவரும்

புதிதாக வேதியர் வேலைக்கு, ஊர்ப்பேச்சில் உபதேசியார் வேலைக்கு, வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் தகராறு. ஒற்று எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் வராது, வேண்டாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோயில் பங்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் தங்கை திருத்திக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன்கூட்டியே நன்றி.

உங்கள் பயிற்சி முடிந்த அன்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் வியர்த்துவிட்டது. “எல்லாரும் நல்லா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோயிலில் நின்று செபம் சொல்லும்போது என் தொண்டை நன்றாகவே வேலை செய்யும். அவை என் வார்த்தைகள் அல்ல என்பதுதான் காரணம். சொந்தமாகப் பேச வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன்.

விராலிமலைப் பக்கத்துக் கிளைக் கிராமங்களில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறியும்வரை ஓடினேன். இப்போது நாலு ஆடும் ஒரு நாற்காலியுமாக நிம்மதியாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பது, சாமியார் வராத ஞாயிறுகளில் வழிபாடு நடத்துவது, சாவு வீட்டில் செபம் சொல்வது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. ஊர்க்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு, “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்று கேட்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கிராமங்களில் ஒன்றில் சவரிமுத்து என்று ஒருவர் இருக்கிறார். கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பவர். குரலும் பெரிது, மனமும் பெரிது, கோபமும் பெரிது. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் அந்தோணி சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். மருமகள் ஜெயமேரி மாமனாரோடு இருந்தாள். கர்ப்பத்தில் இரட்டைப் பிள்ளைகள் என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து சவரிமுத்து நடையே மாறிவிட்டது. “ராயப்பரும் சின்னப்பரும் எங்க வீட்டுக்கு வாராங்க” என்று, ஆணா பெண்ணா என்று தெரியும் முன்பே, டீக்கடையில் சொல்லித் திரிந்தார். பேதுருவையும் பவுலையும் எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

ஏழாம் மாதத்திலேயே ஜெயமேரிக்கு வலி வந்துவிட்டது. சவரிமுத்து அன்று திருச்சிக்கு உரம் வாங்கப் போயிருந்தார். ஆம்புலன்ஸை வரவழைத்து, பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு ஏறினார். அவருக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அன்னவாசல் தாண்டியதும், இரண்டு ஆண் பிள்ளைகளும் வண்டியிலேயே பிறந்தார்கள். இரண்டும் உள்ளங்கை அளவுதான். மூச்சு சரியாக இல்லை. பின்னால் இருந்தது ஜெயமேரியும், வண்டியில் மருத்துவ உதவிக்கு இருந்த முருகேசன் என்ற தம்பியும் மட்டும்தான். அவர் இந்து.

பிள்ளைகள் பிழைக்க மாட்டார்கள் என்று ஜெயமேரிக்குத் தோன்றியிருக்கிறது. அவளால் எழ முடியாது, கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. “அண்ணே, ரெண்டுக்கும் தலையில தண்ணி ஊத்துங்கண்ணே, ஞானஸ்நானம் இல்லாம போயிறக் கூடாது” என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறாள். அவரும் ஊற்றியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் இரண்டாமவன் இறந்துவிட்டான். முதலாமவனை இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

இறந்த பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பங்குச் சாமியார் வெளியூரில் தியானத்தில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா, “ஞானஸ்நானம் ஆயிருச்சாம், பேரு சின்னப்பனாம், ஜெயமேரி சொல்லச் சொன்னா” என்றார். நான் அந்தப் பெயரைச் சொல்லிச் செபித்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தேன். சவரிமுத்து கல்லறைக்கு வரவில்லை. துக்கம் தாங்காமல் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

ராயப்பன் பிழைத்துக்கொண்டான். மெல்ல மெல்ல எடை ஏறி, கன்னம் வைத்து, சிரிக்க ஆரம்பித்தான். அந்தோணிக்கு லீவு கிடைத்து ஊர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெரிய ஞானஸ்நானம் என்று சவரிமுத்து ஊருக்கே சொல்லிவிட்டார். தாய்மாமன் சீர், பிரியாணி, மைக்செட் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் என்னை வரச் சொன்னார். கோயிலில் செய்ய வேண்டியதைப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன்.

வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜெயமேரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அந்தோணி அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் தரையைப் பார்த்தபடி நின்றான்.

“வாங்க உபதேசியாரே. இந்தப் புள்ளைக்கி நீங்களே சொல்லுங்க. ஞானஸ்நானம் வேணாங்குது.”

“நான் வேணாங்கல மாமா. குடுத்தாச்சுங்கறேன்.”

“எவன் குடுத்தான்? சிலுவை போடத் தெரியாத ஒருத்தன் பாட்டில் தண்ணிய ஊத்தினா அது ஞானஸ்நானமா? அப்ப டீக்கடையில கிளாஸ் கழுவுறவன் எல்லாம் சாமியாரா?”

பந்தல்காரர் சிரித்துவிட்டார். ஜெயமேரி சிரிக்கவில்லை.

“இவனுக்கு மறுபடியும் ஊத்தினா, சின்னவனுக்கு ஊத்துனது என்ன மாமா? அது வெறுந்தண்ணியா? அவன் ஒண்ணுமில்லாம போனானா?”

பந்தல்காரர் கையில் பிடித்த கயிற்றோடு நின்றார்.

அந்தோணிதான் மெதுவாகச் சொன்னான். “அண்ணே, இன்னொரு தடவ ஊத்துறதால என்னண்ணே கொறஞ்சிறப் போகுது? அப்பாவுக்கும் நிம்மதி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜெயா கேட்டுக்கும்.”

தம்பிகளே, தங்கைகளே, அந்த இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். ‘ஊற்றிக்கொள்ளலாம்மா, ஒன்றும் ஆகாது’ என்று சொன்னால் பந்தல் எழும், எல்லோரும் எனக்குக் காப்பி கொடுப்பார்கள். ‘கொடுத்தது கொடுத்ததுதான், கவலைப்படாதே’ என்று சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் மலரும். இரண்டுமே நாக்கு நுனியில் இருந்தன. இரண்டில் எது திருச்சபையின் போதனை என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவரும் கொடுக்கலாம் என்று படித்திருக்கிறேன். ஒரு முறை கொடுத்தால் மறுமுறை கிடையாது என்பதும் தெரியும். ஆனால் அந்த வண்டியில் நடந்தது சரியாக நடந்ததா என்பதை யார் சொல்வது? பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது என்பதற்காகவோ, ஒரு பெண் அழுகிறாள் என்பதற்காகவோ நான் சொல்லிவிட்டால் அது என் வார்த்தை ஆகிவிடும். அந்த வீட்டில் யாரும் என் வார்த்தையைக் கேட்கவில்லை. என் வாய் வழியாகத் திருச்சபையின் வார்த்தையைக் கேட்டார்கள்.

“எனக்குத் தெரியலைங்க. சாமியைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

சவரிமுத்து எழுந்துவிட்டார். “தெரியலையா? இம்புட்டு வருசம் ஊரு ஊரா போதிச்சது எதை? ஒம்மை எதுக்கய்யா வச்சிருக்கோம், மணி அடிக்கவா?”

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான சாமியார் இருந்தார். நடு ஊரில், நாற்பது பேர் முன்னால், ஒருவர் கேட்ட கேள்விக்கு, “எனக்குத் தெரியாது, படிச்சுப் பாத்து அடுத்த வாரம் சொல்றேன்” என்றார். அடுத்த வாரம் வந்து சொன்னார். அதற்குப் பிறகு அவர் ‘தெரியும்’ என்று சொன்னதை ஊரில் ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. அதை நினைத்துக்கொண்டு, “நீங்களும் வாங்க, எல்லாரும் சேந்தே போய்க் கேப்போம்” என்றேன்.

நால்வரும் பிள்ளையும் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெயமேரியைப் பார்த்தார்.

“தண்ணி ஊத்தினது யாரும்மா?”

“அந்த அண்ணன் சாமி.”

“தலையில பட்டு ஓடிச்சா?”

“ஓடிச்சு சாமி. ரெண்டு பேருக்கும்.”

“பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால ஞானஸ்நானம் கொடுக்கறேன்னு சொன்னது யாரு?”

“நான்தான் சாமி சொன்னேன். அவருக்குத் தெரியாதுல்ல. நான் சொன்னேன், அவரு ஊத்துனாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊற்றுகிற கை யாருடையதோ, சொல்லுகிற வாயும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் சொல்ல இன்னொருவர் ஊற்றினால் அது ஞானஸ்நானம் ஆகாது. அது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வி அங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாமியார் அதை அவளுக்கு நிதானமாக விளக்கினார். கேட்கக் கேட்க அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“அந்தாளு இந்து என்கிறது ஒரு தடையே இல்லை” என்று சவரிமுத்துவைப் பார்த்தும் சொன்னார். “அவர் வாயாலயும் சொன்னாரான்னுதான் தெரியணும். கடைசி வரைக்கும் சந்தேகம் தீரலைன்னா, ‘நீ முன்னாடியே பெறாமல் இருந்தால்’ என்று சேர்த்துச் சொல்லி ராயப்பனுக்குக் கொடுக்க வழியிருக்கு.”

“அப்ப சின்னவனுக்கு, சாமி?”

சாமியார் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். “இங்க பாரும்மா. ஞானஸ்நானம் இல்லாமப் போற பிள்ளைகளையும் கடவுளோட இரக்கத்துல ஒப்படைச்சு நம்பிக்கையா இருன்னுதான் திருச்சபை சொல்லுது. அந்த நம்பிக்கை ஒனக்கு எப்பவும் உண்டு. அதை யாரும் எடுக்க முடியாது. ஆனா நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கறது வேற. ஒன்னை ஆறுதல்படுத்தறதுக்காக நடக்காததை நடந்ததா நான் சொல்ல மாட்டேன். நடந்ததை நடக்கலைன்னும் சொல்ல மாட்டேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தத் தம்பியப் போய்ப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. பதிலை நீங்க எடுத்துக் கொடுத்துறாதீங்க.”

அந்த ஒரு வாக்கியம்தான் என் வேலைக்காலத்தில் மிகக் கஷ்டமான வேலை.

சவரிமுத்து, “நானும் வாரேன்” என்றார். நான் அந்தத் தம்பியை மாற்றிப் பேசவைத்துவிடுவேன் என்ற சந்தேகம் அவருக்கு. அவரைப் பின்னால் உட்கார வைத்து மொபெட்டில் விராலிமலைக்குப் போனோம். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை. முருகேசன் அங்கேதான் வடை தின்றுகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

“ஐயையோ, எதுவும் தப்பாயிருச்சுங்களா? கம்ப்ளைண்ட் கிம்ப்ளைண்ட் குடுத்திருக்கீங்களா?”

“அதெல்லாம் இல்ல தம்பி. அன்னிக்கு வண்டிக்குள்ள நடந்ததச் சொல்லுங்க, போதும்.”

“மருந்து, ஆக்சிஜன் எல்லாம் கரெக்ட்டா குடுத்தேங்க.”

“அது தெரியும் தம்பி. அந்தத் தண்ணி விஷயம்.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். பிள்ளை மூச்சு விடத் திணறியது, ஜெயமேரி கெஞ்சியது, அவருடைய சொந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்தது. “நல்ல தண்ணிதாங்க, வீட்டுல பிடிச்சு வந்தது.” படுத்திருந்த அக்கா என்னவோ சொன்னார், ஊற்றினேன் என்றார். அதோடு நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

என் வாய் துடித்தது. ‘நீங்களும் சொன்னீங்கதானே தம்பி?’ என்று கேட்டுவிட்டால் அவர் ‘ஆமாங்க’ என்று சொல்லிவிடுவார். எந்தப் பதில் எங்களுக்குப் பிடிக்கும் என்று தேடிக்கொண்டிருந்த நல்ல பிள்ளை அவர். ஜெயமேரியின் முகம் கண்ணுக்குள் நின்றது. டீயை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டேன். வாயில் டீ இருந்தால் பேச முடியாது.

“ஊத்துறப்ப என்ன நடந்துச்சு தம்பி? மொதல்ல இருந்து சொல்லுங்க” என்று பிறகு கேட்டேன்.

“டிரைவர ஓரமா நிப்பாட்டச் சொன்னேங்க, வண்டி குலுங்கிச்சு. அந்தக்கா ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. நான் பின்னாடியே சொல்லிச் சொல்லி ஊத்துனேன்.”

சவரிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். “நீங்க எதுக்குச் சொன்னீங்க? அதுதான் சொல்லுச்சுல்ல?”

முருகேசனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “பூசாரி சொல்லச் சொல்ல நம்மளும் சொல்லித்தானுங்க பூப்போடுவோம்? வாய மூடிக்கிட்டு ஊத்துனா அது தல குளுப்பாட்டுறதுல்லங்க? நமக்கு அர்த்தம் தெரியாதுங்க. அவங்க கோயில்ல என்ன செய்வாகளோ அது இந்தப் புள்ளைகளுக்குக் கெடைக்கட்டும்னுதான் செஞ்சேன். மொதப் புள்ளைக்கிச் சொல்லி முடிச்சப்பவே அந்தக்காவுக்குக் கொரல் போயிருச்சு. ரெண்டாவதுக்கு ஒதடு மட்டும்தான் அசைஞ்சுச்சு. முழுசாச் சொன்னது நான்தாங்க. பேரு கூட ஞாபகமிருக்கு, சின்னப்பன்.”

எனக்குத் தேவையானது அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஆனால் சவரிமுத்து விடவில்லை. அவர் கேட்டது வேறு ஒன்று. அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சின்னவன்... எப்படித் தம்பி இருந்தான்?”

“தண்ணி பட்டதும் கண்ணத் தொறந்தான்யா. நல்லாப் பாத்தான். பெறகுதான் மூடுனான்.”

சவரிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். துண்டுக்குள்ளிருந்தே சவரிமுத்து பேசினார். அவர் சிறுவனாக இருந்தபோது ஞானஸ்நானம் பெறாமல் இறந்த அவர் தம்பியைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, கள்ளிச்செடி ஓரத்தில் புதைத்தார்களாம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அவருடைய அம்மா சாகும்வரை அந்த வழியாக நடந்ததில்லையாம்.

“நீரு பாட்டுக்கு எம் பேரனை உள்ள வச்சுட்டீரு. அது செல்லாதுன்னு பின்னாடி யாராச்சும் சொல்லிருவாங்களோன்னு பயமய்யா. அதான் அந்தப் பக்கமே போகல. இருக்கறவனுக்காச்சும் ஊரறியப் பண்ணிறணும்னு நெனச்சேன்.”

கிளம்பும்போது சவரிமுத்து முருகேசனின் கையைப் பிடித்து, “ஞாயித்துக்கெழம வந்துருங்க தம்பி. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பிரியாணி” என்றார்.

சாமியார் முழுவதையும் எங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். ஜெயமேரியிடமும் திரும்பக் கேட்டார். “அவரு முணுமுணுத்தது தெரியும் சாமி. அவரு சாமியக் கும்பிடுறார்னு நெனச்சேன்” என்றாள். சாமியார் அன்றைக்குத்தான் சிரித்தார். “ரெண்டு பேரும் ஞானஸ்நானம் வாங்கினவங்க. இவனுக்குத் தண்ணி கிடையாது. மிச்சச் சடங்கை மட்டும் கோயில்ல செய்வோம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ராயப்பனுக்குத் தைலம் பூசினார்கள். வெள்ளை ஆடை போர்த்தினார்கள். கோயிலின் பெரிய பாஸ்கா திரியிலிருந்து மெழுகுதிரி ஏற்றி ஞானத்தகப்பன் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பக்கத்தில் இருப்பவரிடம், “சாமி தண்ணி ஊத்த மறந்துட்டாரு, யாராச்சும் சொல்லுங்கடி” என்றார். கோயில் முழுக்கக் கேட்டது.

“மறக்கலம்மா” என்றார் சாமியார். “தண்ணி முன்னாடியே ஊத்தியாச்சு. ஊத்துனவர் அந்தக் கதவு பக்கத்துல நிக்கிறார்.”

எல்லோரும் திரும்பினார்கள். முருகேசன் புதுச் சட்டை போட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியோடு நின்றிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் செருப்போடு கையைக் கூப்பினார். கோயிலே சிரித்தது. சவரிமுத்து நேராகப் போய் அவரைக் கூட்டிவந்து முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பூசை முடிந்ததும் எல்லோரும் பந்தலுக்குப் போக, சவரிமுத்து ராயப்பனின் மெழுகுதிரியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். ஜெயமேரி பின்னால் போனாள். நான் போகவில்லை. அது அவர்கள் வேலை.

இதில் நான் செய்தது என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் இல்லை. தெரியாது என்று சொன்னேன், பிறகு ஒரு கிளாஸ் டீயால் வாயை அடைத்துக்கொண்டேன். நம் கையில் கொடுத்திருக்கும் போதனை நம்முடையது அல்ல. ஒருவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக அதை அகலமாக்கவும் கூடாது, நம்மைப் பெரிய ஆளாகக் காட்டுவதற்காக அதைக் குறுக்கவும் கூடாது. பொறுமையாக அதன் பின்னாலேயே போனால், சில நேரம் நாம் நினைத்ததைவிட நல்ல இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இதை எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்துத் தள்ளிப்போட்டேன். இன்று மாலை கல்லறைத் தோட்டத்துக்கு ஊன்றுகோலோடு போயிருந்தேன். எல்லாக் கல்லறையிலும் பூவும் விளக்குமாக இருந்தது. சின்னப்பனின் சிறிய சிலுவைக்கு சவரிமுத்து புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார். இப்போது பள்ளிக்கூடம் போகும் ராயப்பன் திரியைப் பொருத்திவிட்டு, பக்கத்தில் நின்ற சவரிமுத்துவை நிமிர்ந்து பார்த்தான்.

“தாத்தா, இவனுக்கும் முருகேசு மாமாதான் ஊத்துனாரா?”

“ஆமாடா. ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டில் தண்ணி.”

வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.